சின்னக் குழந்தைகளோடு கடற்கரை ரிசார்ட்டில் ஒரு வார இறுதி: முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்து ஞாயிறு மதியம் கிளம்புகிற பயணத்தில் கடலுக்கென்று கிடைப்பது மூன்றே வேளைகள்: சனி காலை, சனி மாலை, ஞாயிறு காலை. வெப்பமண்டலக் கடற்கரையில் நடுப்பகல் கணக்கிலேயே சேராது. அந்த வெயிலில் சின்னப் பிள்ளையை மணலில் இறக்க முடியாது. இந்த மூன்று வேளையும் நன்றாக அமைந்துவிட்டால் பயணம் நன்றாக அமைந்துவிடும். அறை, சாப்பாடு, மூட்டை முடிச்சு எல்லாம் அந்த மூன்று வேளைக்குத் துணை வேலைகள். படகுச் சவாரி, மசாஜ், இரவு விருந்து, பக்கத்து ஊர் சுற்றல் என்று ரிசார்ட் நீட்டுகிற பட்டியலை முழுதாக இரண்டு நாளுக்குள் திணிக்கப் பார்க்கிற குடும்பங்கள்தாம் ஞாயிறு மதியம் ரிசப்ஷனில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும்.

ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். பெரிய பிள்ளைகளுக்கு இதில் பாதி தேவைப்படாது.

படி 1: இடத்தை முடிவு செய்வது

முதலில் தூரம். வீட்டுக் கதவிலிருந்து அறைக் கதவு வரை நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால், வார இறுதிக்கு அந்த இடம் வேண்டாம். எவ்வளவு அழகான தீவாக இருந்தாலும் சரி. அதை நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடலின் குணம். புகைப்படத்தில் எல்லாக் கடலும் நீலமாகத்தான் இருக்கும். நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, கரை எப்படிச் சரிகிறது என்பதை. மெதுவாகச் சரிகிற கரையில் பெரியவர் பத்துப் பதினைந்து அடி நடந்தும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. அலையும் தூரத்திலேயே உடைந்து நுரையாகத்தான் வந்து சேரும். செங்குத்தாக இறங்குகிற கரையில் அலை நேராகக் கரைமேலேயே விழுந்து உடையும். அந்த அடி பெரியவரையே புரட்டிவிடும். பவளப்பாறை மறைப்போ வளைந்த விரிகுடாவோ இருக்கும் கரைகள் பொதுவாக அமைதியானவை. விருந்தினர் எழுதிய கருத்துகளில் நட்சத்திர எண்ணிக்கையை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு போனவர்கள் அலையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடுங்கள்.

பிறகு ரிசார்ட்டுக்கே போன் செய்து பேசுங்கள். கேட்க வேண்டியவை: கடற்கரையில் லைஃப்கார்டு உண்டா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? நீச்சல் குளத்துக்கு நான்கு பக்கமும் வேலியும், தானாக மூடிக்கொள்ளும் கதவும் இருக்கிறதா? குழந்தைகள் குளம் எவ்வளவு ஆழம், மேலே நிழல் உண்டா? குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவிலும் திறந்திருக்குமா? தொட்டில் கிடைக்குமா? பதில் சொல்பவர் தடுமாறாமல் சொன்னால் அங்கே குடும்பங்கள் அடிக்கடி வருகிறார்கள் என்று கொள்ளலாம்.

அறைக் கதவைத் திறந்தால் நேரே நீச்சல் குளம் என்று ஆசை காட்டும் அறைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. நடக்கப் பழகிய குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது ஆகவே ஆகாது. நீங்கள் பல் தேய்க்கும் நேரத்தில் அது தண்ணீரில் இருக்கும். கீழ்த்தளத்தில், குளத்திலிருந்தும் பாட்டுக் கச்சேரி மேடையிலிருந்தும் தள்ளி ஓர் அறை கேளுங்கள். மாடி அறைதான் கிடைத்தது என்றால் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியைக் கேட்டுக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

படி 2: நாளும் ஓதமும் பார்ப்பது

பருவம் பார்க்காமல் யாரும் புக் செய்ய மாட்டார்கள். புயல் காலம், ஜெல்லி மீன் ஒதுங்கும் மாதங்கள் இரண்டையும் ரிசார்ட்காரர்களிடமே கேட்டுவிடலாம். பலர் பார்க்கத் தவறுவது ஓத அட்டவணையை, அதாவது கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் பட்டியலை.

பெரும்பாலான கரைகளில் ஒரு கடலேற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே நாளுக்கு நாள் அது ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சனி காலை 7 மணிக்குக் கடல் வற்றியிருந்தால், ஞாயிறு 8 மணிக்குச் சற்று முன்னால் வற்றும். பாறைக் கரையில் வற்றம்தான் பிள்ளைகளுக்குப் பொற்காலம்: பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் குட்டி மீன், நண்டு, கடல் வெள்ளரி எல்லாம் பார்க்கலாம். சில இடங்களில் ஏற்றத்தின்போது மணலே காணாமல் போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் வழக்கத்தைவிட அதிகம். அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் மூன்று வேளையும் எந்த ஓதத்தில் விழுகின்றன என்று முன்பே குறித்துக்கொண்டால், எந்த வேளை மணலுக்கு, எந்த வேளை தண்ணீருக்கு என்பது தானே முடிவாகிவிடும்.

படி 3: பெட்டி கட்டுவது

உடையிலிருந்து தொடங்குவோம். முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று, ஐந்து தடவை சன்ஸ்கிரீன் பூசும் தொல்லையை மிச்சப்படுத்தும். துணி புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் அளவு யூபிஎஃப்; யூபிஎஃப் 50 என்று அச்சிட்டிருந்தால் நல்லது. நிறத்தில் கவனம் வையுங்கள்: நீலம், வெள்ளை, சாம்பல் நிறங்கள் தண்ணீருக்குள் மறைந்துவிடும். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, பளீர் மஞ்சள், பளீர் இளஞ்சிவப்பு ஆகியவைதான் அலைக்கு நடுவிலும் தெரியும். பார்க்கக் கொஞ்சம் கொடுமையாக இருக்கலாம், பரவாயில்லை. பிடரியை மறைக்கும் தொப்பியும், சூடான மணலுக்கும் கூரான சிப்பிக்கும் ஈடு கொடுக்கும் தண்ணீர்ச் செருப்பும் வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ரிசார்ட்டில் கிடைப்பது பெரும்பாலும் பெரியவர் அளவு. குழந்தைக்கு மாட்டி, பட்டைகளை இறுக்கி, தோள்பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தாடையையும் காதையும் தாண்டி ஏறினால் அது அளவில் பெரியது. கால்களுக்கு இடையே போகும் பட்டையும், தலையைத் தாங்கும் காலரும் உள்ளதைத் தேடி வாங்குங்கள். காற்றடைத்த வளையம், கைப்பட்டை, வாத்து, ஃபிளமிங்கோ எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். உயிர்காப்புக் கருவி என்று அவற்றை நம்பக் கூடாது. கரையிலிருந்து காற்றடித்தால் அவை பிள்ளையையும் சேர்த்துக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும்.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், புற ஊதா ஏ, பி இரண்டையும் தடுப்பதாக இருக்க வேண்டும். சின்னத் தோலுக்கு ஜிங்க் ஆக்ஸைடு கலந்தது எரிச்சல் தராது. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் சேர்ந்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பவளப்பாறைகளைக் காக்கவென்று ஹவாய் 2021 முதல் அவற்றின் விற்பனையையே தடை செய்திருக்கிறது.

மருந்துப் பையில்: குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவை டாக்டரிடம் கேட்டு எழுதி ஒட்டிய பாராசிட்டமால், தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் பாக்கெட்டுகள், முள் எடுக்கும் சாமணம், சின்னப் பாட்டிலில் வினிகர், காயத்துக்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டர், கொசு மருந்து. கொசு மருந்தில் டீட் என்ற சேர்மம் 10 முதல் 30 சதவீதம் இருந்தால் போதும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு அதைப் பூசவே கூடாது. லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் வகை மூன்று வயதுக்குக் கீழ் வேண்டாம்.

இன்னும் மூன்று சில்லறை விஷயங்கள். சோளமாவு ஒரு டப்பா: காலில் ஒட்டிய ஈர மணல்மேல் தூவித் துடைத்தால் உதிர்ந்துவிடும். எலாஸ்டிக் வைத்த பழைய மெத்தை விரிப்பு: கடற்கரையில் கவிழ்த்துப்போட்டு நான்கு மூலையிலும் பைகளை உள்ளே வைத்தால் ஓரங்கள் எழும்பி நின்று மணல் வராத தொட்டியாகிவிடும். வலைப்பை: பொம்மைகளை அப்படியே அலசி மாட்டலாம். பொம்மையும் ஒரு பக்கெட், ஒரு கரண்டி, ஒரு சல்லடை போதும்.

படி 4: வெள்ளி மாலை

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். மண்டி போட்டு, குழந்தையின் உயரத்திலிருந்து அறையைப் பாருங்கள். கைக்கு எட்டும் கெட்டில், தொங்கும் திரைக் கயிறு, கண்ணாடி மேசையின் கூர் விளிம்பு எல்லாம் அப்போதுதான் தெரியும். பால்கனி நாற்காலியை உள்ளே இழுத்துப் போடுங்கள். கம்பிக்கு அருகில் நாற்காலி இருந்தால் அது ஏணிதான். கதவில் உயரமான தாழ்ப்பாள் இல்லையென்றால் அன்றைக்கே சொல்லி ஏற்பாடு கேளுங்கள்.

வெப்பமண்டலத்தில் சூரியன் மறைந்தால் அரை மணிக்குள் நல்ல இருட்டாகிவிடும். அதனால் முதல் மாலையில் தண்ணீரில் இறங்கும் ஆசையை விட்டு, இருக்கும் வெளிச்சத்தில் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். லைஃப்கார்டு மேடை எங்கே, கால் கழுவும் குழாய் எங்கே, இயற்கை நிழல் எங்கே விழும் என்று பாருங்கள். தென்னையடியில் மட்டும் இடம் பிடிக்காதீர்கள். தேங்காயோ மட்டையோ விழ நேரம் காலம் கிடையாது. பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லி வையுங்கள்: பெரியவர் கையைப் பிடிக்காமல் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. பத்து விதி சொன்னால் ஒன்றும் நிற்காது.

படி 5: சனி காலை, முதல் வேளை

ஆறரைக்கெல்லாம் மணலில் இருப்பது என் கட்சி. பிள்ளைகள் எப்படியும் விடியலில் எழுந்துவிடுவார்கள், அதை அனுபவித்துக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீனை அறையிலேயே, கிளம்ப இருபது நிமிடம் முன்னால், உடை மாட்டும் முன் பூசிவிடுங்கள். காதுமடல், பாதத்தின் மேற்புறம், முழங்காலின் பின்பக்கம் ஆகியவைதான் விட்டுப்போகும் இடங்கள். கொசு மருந்தும் தேவையென்றால் அதை சன்ஸ்கிரீனுக்கு மேல் பூசுங்கள். இரண்டு மணிக்கொரு முறையும், தண்ணீரிலிருந்து ஏறித் துடைத்த ஒவ்வொரு முறையும் திரும்பப் பூச வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழான குழந்தைக்கு நிழலும் மெல்லிய முழு உடையும்தான் முதல் பாதுகாப்பு. தள்ளுவண்டியைத் துணியால் மூடிவிடாதீர்கள். உள்ளே காற்று நின்று சூடு ஏறும்.

குடைக்குக் கீழே இருந்தால் போதும் என்பது தவறான தைரியம். உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் விழுவதில் 40 சதவீதம் இருக்கும். எப்போது கிளம்புவது என்பதற்குக் கடிகாரம்கூட வேண்டாம்: பிள்ளையின் நிழல் பிள்ளையைவிடக் குட்டையாகிவிட்டால் அந்த வேளை முடிந்தது. இதைப் பிள்ளைகளையே பார்க்கச் சொல்லலாம். அறைக்குத் திரும்பும்போது வரும் அழுகை பாதி குறையும்.

இனி தண்ணீர். இந்த வழிகாட்டியில் வேறெதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

கொடியைப் பாருங்கள். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று பாதிப் பாதியாக உள்ள இரண்டு கொடிகளுக்கு நடுவே உள்ள பகுதியை லைஃப்கார்டு கண்காணிக்கிறார், குளிப்பதென்றால் அங்கேதான். தனி மஞ்சள் என்றால் எச்சரிக்கை, தனிச் சிவப்பு என்றால் கடும் அபாயம், இரட்டைச் சிவப்பு என்றால் கடலில் இறங்கவே தடை. ஊதா நிறம், கொட்டும் உயிரினங்கள் உள்ளன என்பதற்கு. கொடிமுறை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும் என்பதால் அங்கே வைத்திருக்கும் பலகையையும் படித்துவிடுங்கள்.

கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம்தான் கடற்கரையின் பெரிய ஆபத்து. இரு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாகத் தெரிய, நடுவில் மட்டும் ஓர் இடம் அமைதியாக, கருமையாகத் தெரியும். குழந்தையோடு இறங்க அதுவே நல்ல இடம் என்று கண் ஏமாற்றும். அந்த ஓட்டம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டிக்கூட இழுக்கும்; எதிர்த்து நீந்தி யாரும் ஜெயிப்பதில்லை. சிக்கிக்கொண்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள்; முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டதும் கரைக்கு வாருங்கள்.

கண்காணிப்புக்கு ஓர் ஏற்பாடு. ஒரு நேரத்தில் ஒரு பெரியவர்தான் பொறுப்பு. அவர் கையில் போன் இருக்கக் கூடாது. கால் மணிக்கொரு முறை மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றும்போது 'இப்போ நீ பார்த்துக்கோ' என்று வாயால் சொல்லியே மாற்றுங்கள். நாலு பெரியவர் இருக்கும் இடத்தில்தான் யாருமே பார்க்காமல் போவது நடக்கும். தண்ணீரில் இருக்கும் குழந்தை எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது; மூச்சுக்கே வாய் போதாத நிலையில் சத்தம் எழாது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நீச்சல் குளத்துக்கும் இதே சட்டம்தான்.

மணலிலும் ஒரு கவனம். பள்ளம் தோண்டுவது எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். உங்கள் கூட்டத்திலேயே மிகச் சின்னப் பிள்ளையின் முழங்கால் ஆழத்தோடு நிறுத்துங்கள்; ஆழமான மணற்குழி சரிந்து மூடினால் ஆளை வெளியே எடுப்பது கடினம். கிளம்பும்போது மூடிவிட்டு வாருங்கள்.

சிப்பி பொறுக்கலாம், காலிச் சிப்பியாக இருந்தால். அழகான கோலங்கள் போட்ட கூம்பு வடிவச் சங்கைத் தொட விடாதீர்கள். இந்திய, பசிபிக் பெருங்கடல் கரைகளில் உள்ள சில கூம்புச் சங்குகளின் விஷம் உயிருக்கே ஆபத்து. மணலில் ஒதுங்கிக் கிடக்கும் நீலப் பலூன் போன்ற ஜெல்லி மீன் செத்திருந்தாலும் கொட்டும்.

படி 6: நடுப்பகல்

பத்து மணி முதல் நான்கு மணி வரை அறை, நிழல், தூக்கம். குளித்து உப்பைக் கழுவி, சாப்பிட வைத்து, வீட்டில் தூங்கும் அதே நேரத்துக்குப் படுக்க வையுங்கள். பகல் தூக்கத்தைத் தியாகம் செய்து சம்பாதிக்கும் ஒரு மணி நேரத்துக்கு, மாலை முழுவதும் வட்டி கட்ட வேண்டிவரும்.

பஃபே உணவில் ஆவி பறக்கிறதையும், அப்போதே வெட்டித் தரும் பழத்தையும் எடுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த சமைத்த உணவு குழந்தைக்கு வேண்டாம். வெந்நீர்த் தொட்டி ஐந்து வயதுக்குக் கீழ் கூடாது. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ நீர் குறைந்துவிட்டது. ஓஆர்எஸ் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தையைக் குளத்தில் இறக்கக் கூடாது. நீச்சல் டயப்பர் கிருமியைத் தடுக்காது.

படி 7: சனி மாலை, இரண்டாம் வேளை

காலையில் தண்ணீர் என்றால் மாலையில் மணல், நடை, பாறைக் குழி. எல்லாரும் சேர்ந்து எடுக்கும் புகைப்படத்துக்கும் இந்த வெளிச்சம்தான். புது உடையில் இருக்கும் பிள்ளையை அந்த உடையோடு தனியாக ஒரு படம் எடுத்து வையுங்கள். கூட்டத்தில் காணாமல் போனால் அதைத்தான் காட்டுவீர்கள். அப்படி நேர்ந்தால் முதலில் தேட வேண்டிய இடம் தண்ணீர். மற்ற இடமெல்லாம் பிறகு.

இடிச் சத்தம் கேட்டால் உடனே தண்ணீரை விட்டு வெளியேறிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். குடையும் ஓலைக் குடிலும் பாதுகாப்பல்ல. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி காத்திருங்கள். இருட்டும் நேரம் மணல் ஈயும் கொசுவும் கிளம்பும். முழுக்கால் உடை மாட்டிவிடுங்கள். டெங்கு பரப்பும் கொசு பகலிலும் கடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறரைக்குச் சாப்பாட்டை முடித்துப் பிள்ளைகள் தூங்கிவிட்டால், இரவு உங்களுடையது. ஒருவர் அறையில் இருக்க மற்றவர் கடற்கரையில் ஒரு மணி நேரம் தனியாக நடந்துவிட்டு வரட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். எந்த மசாஜையும்விட இது பலன் தரும் என்பேன்.

கொட்டினால், குத்தினால்

ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், சிறுநீர் வைத்தியம் வேண்டவே வேண்டாம். இவை எல்லாம் இன்னும் விஷத்தை வெளியிட வைக்கும். லைஃப்கார்டைக் கூப்பிடுங்கள், அந்தக் கரையில் என்ன இனம் வருகிறது என்பது அவருக்குத் தெரியும். பெட்டி வடிவ ஜெல்லி மீன் உள்ள கடல் என்றால் உடனே அரை நிமிடமாவது வினிகர் ஊற்றி, பிறகு சாமணத்தால் இழைகளை எடுக்க வேண்டும். நீலப் பலூன் வகைக்குக் கடல் நீரால் அலசி, தாங்கும் அளவு வெந்நீரில் 20 நிமிடம் வைப்பது வலியைக் குறைக்கும். திருக்கை முள்ளுக்கும் வெந்நீர்தான், அதோடு மருத்துவமனை. வெந்நீர் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. முதலில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். மூச்சுத் திணறல், மயக்கம், பெரிய பரப்பில் தடிப்பு என்றால் ஆம்புலன்ஸ்தான். தண்ணீரில் மூழ்கி எடுக்கப்பட்ட குழந்தை இருமிக்கொண்டே இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ, சிரித்து விளையாடினாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

படி 8: ஞாயிறு

பெட்டியை சனி இரவே முக்கால்வாசி கட்டிவிடுங்கள். செக்-அவுட் நேரத்தை ஒரு மணி தள்ளித் தர முடியுமா என்று சனிக்கிழமையே கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ஞாயிறு காலை கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. முடியாது என்றால், கிளம்பும் முன் குளிக்க வேறு குளியலறை உண்டா என்று கேளுங்கள். மூன்றாம் வேளையை இது காப்பாற்றும். இந்தக் காலையில் புதிதாக எதையும் முயல வேண்டாம். சனிக்கிழமை பிள்ளைகளுக்கு எது பிடித்ததோ அதையே திரும்பச் செய்ய விடுங்கள். அவர்கள் கேட்பதும் அதைத்தான்.

குளிக்க வைத்தபின் தலையை இரு பக்கமும் சாய்த்துக் காதிலிருந்து தண்ணீரை வடியவிட்டு, டவலால் வெளியே மட்டும் துடையுங்கள். ஈர உடைகளைத் தனிப் பையில் போடுங்கள். வண்டியில் ஏறியதும் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்பதால், கிளம்பும் முன்பே சாப்பாடு ஆகிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று நாளில் காதைத் தொட்டாலே அழுதால் காது டாக்டரிடம் காட்டுங்கள். டெங்கு, கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் வெளிப்படும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்தக் கடற்கரைக்கு எப்போது போய்வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பரிசோதனை முடியும்வரை ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால் மட்டும் போதும்.